அக்கரை எண்களின் முதல் பூஜ்ஜியம்

நெடுவாய் என்ற ஆறு இரண்டாகப் பிரித்த நாடு ஒன்று இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தலைநகரமும் அரண்மனையும் அலுவலகங்களும். அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு கிராமங்களும், தலைநகரத்துக்குச் சோறு போடும் வயல்களும். நடுவே ஒரு பழைய பாலம்.

அந்த நாட்டில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு கைப்பேசியும் பத்து இலக்க எண்ணும் கொடுத்திருந்தது. முதலில் எண் வழங்கியது அக்கரையில்தான். நெல் எப்போது வந்து சேரும் என்று கேட்க அரண்மனைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அதனால் அக்கரை எண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கின; பின்னால் வந்த இக்கரை எண்கள் ஒன்பதில் தொடங்கின. அரசர் பெருந்தாளை அறிவிக்கும் வரை இந்த வித்தியாசத்தை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெருந்தாள் என்பது கணினியில் விரியும் கட்டம் போட்ட ஒரே தாள். ஒரு குடிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அவர் எண். இனி யாரும் எண்ணை அழுத்திப் பேச வேண்டியதில்லை, இணைப்பகத்திடம் பெயரையும் ஊரையும் சொன்னால் பெருந்தாளைப் பார்த்து இணைப்புக் கொடுப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. பெருந்தாளில் இல்லாத எண்ணிலிருந்து யாரையும் அழைக்க முடியாது என்பதும் அதே அறிவிப்பில் சிறிய எழுத்தில் இருந்தது. கடிதப் போக்குவரத்து தேவையற்றதாகிவிட்டபடியால் அஞ்சலகங்கள் மூடப்பட்டன.

எண்களைக் கட்டங்களில் ஏற்ற அறுபது தட்டச்சுக்காரர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி தேனம்மை. வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அக்கரையில் பூவரசங்குடியில் பிறந்து, வேலைக்காக இருபது வருஷம் முன்பு தலைநகரம் வந்தவள். அரசுக் குடியிருப்பில் ஒற்றை அறை. அவளுக்கு இருந்தது ஒரே அக்கா, பூவரசங்குடியிலேயே தங்கிவிட்ட உமையாள். காலை ஆறு மணிக்கு உமையாள் தங்கையைக் கூப்பிடுவாள். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது.

"என்னடி சமைக்கிறே?"

"சுரைக்காய்க் கூட்டு."

"ஒருத்திக்கு ஒரு முழுச் சுரைக்காயா?"

"மூணு நாளைக்கு வரும் அக்கா."

"மூணு நாள் அதையேவா தின்னுவே? சரி, வேலைக்கு நேரமாகுது, கிளம்பு."

அந்த இரண்டு நிமிஷம்தான் அன்றைக்கு அவளோடு ஒருவர் பேசிய பேச்சாகப் பல நாள் இருக்கும்.

பெருந்தாளில் இக்கரை எண்களை ஏற்றி முடித்து அக்கரைக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது. தேனம்மை முதல் எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினாள். முன்னால் இருந்த பூஜ்ஜியத்தைக் காணோம். விரல் தவறிவிட்டதென்று மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒன்பது இலக்கம்தான் நின்றது. நான்காவது முறைக்குப் பிறகு எழுந்து எண்ணமைச்சர் அறம்வளர்த்தாரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, அக்கரை நம்பரைப் போட்டா முதல் பூஜ்ஜியம் காணாமப் போயிடுது."

"காணாமல் போகிறதா, தாள் அதை ஏற்க மறுக்கிறதா?" என்றார் அமைச்சர். "இரண்டும் வேறு வேறு."

"தெரியலைங்க ஐயா. ஒன்பது இலக்கம்தான் நிக்குது."

அமைச்சர் கண்களை மூடி யோசித்தார். "அம்மையே, ஓர் எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தின் மதிப்பு என்ன?"

"கணக்குல மதிப்பில்லைங்க. ஆனா இதை யாரும் கூட்டப்போறதில்லை, கழிக்கப்போறதில்லை. கூப்பிடுறதுக்குத்தானே நம்பர்?"

"மதிப்பில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்றார் அமைச்சர், எழுத்தரைப் பார்த்து. "குறித்துக்கொள்ளும்."

மறுநாள் ஆணை வந்தது. எண்ணின் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை. அப்படி ஒன்று இருந்ததாகவும் கருதப்பட மாட்டாது. நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு அக்கரை எண்களும் ஒன்பது இலக்கமாக ஏறின. உமையாளின் எண்ணைத் தேனம்மைதான் ஏற்றினாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவில்லை.

அக்கரைக்கு நேரில் போய்வரலாம் என்று, பாலத்தைக் கடக்க எந்தக் கரையாருக்கும் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தாள். அங்குள்ள உறவினர் தொலைபேசியில் "வரட்டும்" என்று சொன்னால்தான் சீட்டுக் கிடைக்கும் என்றார்கள். உறவினரைக் கூப்பிட்டார்கள், இணைப்புக் கிடைக்கவில்லை. உறவினர் சம்மதிக்கவில்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் மந்திரிசபை வேறு ஒரு விஷயத்தில் மும்முரமாக இருந்தது. பத்து இலக்கத்தில் ஐந்தாவதற்குப் பின் இடைவெளி விடுவதா, மூன்றாவதற்குப் பின் சிறுகோடு போடுவதா என்ற விவாதம் மூன்று மாதம் நடந்தது. இடைவெளிக் கட்சி, சிறுகோட்டுக் கட்சி என்று சபை இரண்டாகப் பிரிந்து, ஒருவர் மேல் ஒருவர் மசிப்புட்டி வீசிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று முடிவானது. அந்த மூன்று மாதத்தில் அக்கரையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. அக்கரை மக்கள் மனநிறைவோடு அமைதியாக இருக்கிறார்கள் என்று அமைச்சர் சபையில் பெருமையோடு சொன்னார்.

பிறகு அரசர் பெருந்தாளைப் பார்வையிட வந்தார். அரண்மனைச் சுவர் முழுக்க அதை ஒளிரவிட்டுக் காட்டினார்கள். அரசர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இந்தப் பகுதியில் மட்டும் இடது ஓரம் பல் விழுந்த வாய்போல் இருக்கிறதே?"

"ஒன்பது இலக்க எண்கள், மன்னா" என்றார் அறம்வளர்த்தார். "குறையை இன்றே களைகிறோம்."

குறை களையப்பட்டது. அக்கரை எண்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஒன்பது சேர்க்க ஆணையானது. ஓரம் நேரானது. தேனம்மை அன்று சாயங்காலமே இணைப்பகத்தை அழைத்து, "பூவரசங்குடி உமையாள்" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு மறுமுனையில் மணி அடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா!"

"யாரு?" என்றது ஒரு ஆண் குரல். "இது பித்தளைக்கடைத் தெரு. எந்த அக்கா?"

பூஜ்ஜியம் இருந்த இடத்தில் ஒன்பது வந்ததால் அக்கரை எண்ணெல்லாம் தலைநகரத்தில் வேறு யாருடைய எண்ணாகவோ ஆகிவிட்டிருந்தது. தேனம்மை மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள். அமைச்சரிடம் போய்ச் சொன்னாள். "இணைப்புக் கிடைக்கிறதா இல்லையா?" என்று கேட்டார். கிடைக்கிறது என்றாள். "பிறகென்ன?" என்றார்.

ஐப்பசியில் மலைப்பக்கம் பத்து நாள் விடாமல் மழை கொட்டியது. மேலே அணை நிரம்பியது. மதகைத் திறக்கும் முன் அக்கரைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை போகவேண்டும் என்று அரசர் உத்தரவிட்டார். அன்று நண்பகலில் தேனம்மை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபோது ஆயிரக்கணக்கான பேர் அரண்மனை மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கூண்டில் கிளி. தலைநகரத்தில் நல்ல வெயில்.

கீழே இறங்கி ஓடி ஒருவரை நிறுத்தினாள். "எங்கே போறீங்க?"

"போன் வந்துச்சும்மா. ஆத்துல தண்ணி திறக்கிறாங்களாம், உடனே மேட்டுக்குப் போகச் சொல்லுது. எங்க தெருவே கிளம்பிடுச்சு."

தேனம்மைக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அமைச்சரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"ஐயா, மதகைத் திறக்கச் சொல்லாதீங்க! எச்சரிக்கை அக்கரைக்குப் போகலை. போன் எடுத்தவங்க எல்லாம் இந்த ஊர்க்காரங்க!"

அறம்வளர்த்தார் மேசைமேல் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். "நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். பதில் கிடைத்தவை நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. உலகில் எந்த நாட்டிலும் இப்படி நடந்ததில்லை. நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். தண்ணீர் குடியுங்கள்."

"ஜன்னல் வழியா பாருங்கய்யா. மேட்டுல நிக்கிறவங்க யாரு?"

அமைச்சர் பார்த்தார். "கட்டுப்பாடான மக்கள்" என்றார்.

இரண்டு மணிக்கு மதகு திறந்தது. நாலு மணிக்குப் பாலம் போயிற்று. அரண்மனை மேட்டில் நின்றவர்கள் பொழுது சாயும் வரை காத்திருந்துவிட்டு, தங்களைக் காப்பாற்றிய அரசரை வாழ்த்திக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஆற்றைக் கடக்க வழியில்லாததால் இக்கரையில் ஒதுங்கிய உடல்களை எண்ணி, இறந்தோர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று அரசு அறிவித்தது. தேனம்மை மூன்று நாள் தொடர்ந்து கரைக்குப் போனாள். ஓலைப் பாயை விலக்கி விலக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிறுவயதில் தெரிந்த முகங்கள் சில இருந்தன. அக்கா இல்லை. இல்லை என்பதில் சந்தோஷப்படலாமா என்றும் தெரியவில்லை. அறைக்கு வந்தால் சோறு வைக்கத் தோன்றாது. யாரிடமாவது சொல்லலாம் என்றால் பக்கத்து அறைக்காரர்கள் மேட்டில் நின்ற கதையைச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், வேலை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நேரத்தில், ஒரு வெற்றுக் கட்டத்தில் அக்காவின் பழைய எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பூஜ்ஜியத்தோடு சேர்த்துத்தான் தட்டுவாள். அது விழுந்துவிடும் என்று தெரிந்தும் தட்டுவாள். அன்று சுண்டுவிரல் என்டருக்குப் பக்கத்து விசையில் பட்டு, எண்ணுக்கு முன்னால் ஒற்றைக் கொக்கி போன்ற சின்னக் குறி ஒன்று விழுந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. என்டரை அழுத்தினாள்.

பூஜ்ஜியம் அப்படியே நின்றது.

குறி கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஒளிந்துகொண்டு பூஜ்ஜியத்தைப் பிடித்து வைத்திருந்தது. கட்டத்தின் மூலையில் கடுகளவு ஒரு பச்சை முக்கோணம் மட்டும் தோன்றியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தேனம்மை சுற்றிலும் பார்த்தாள். பிறகு உமையாளின் கட்டத்துக்குப் போய், ஒன்பதை அழித்து, குறியையும் பூஜ்ஜியத்தையும் போட்டாள். மாடிப்படிக்குக் கீழே போய் நின்று இணைப்பகத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் நான்கு முறை மணி அடித்தது. ஐந்து. ஆறு.

"யாரு?"

தேனம்மை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருன்னு கேக்குறேன்ல? பேசு."

"அக்கா, நான்தான்."

"செத்துட்டேன்னு நினைச்சியா?" என்றாள் உமையாள்.

அவள் பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தாள். வீடு போய்விட்டது. கிணறெல்லாம் சேறு. ஆட்கள் எத்தனை பேர் போனார்கள் என்று சரியாகத் தெரியவில்லை, நிறைய என்றாள். அரசாங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பிறகு கேட்டாள்: "எப்படிடி போன் வேலை செய்யுது? மத்தவங்களுக்கும் சரியாயிடுச்சா? கீழ இருக்கிற சுப்பாத்தா அவ மகளைக் கூப்பிடணும்னு தினம் அழுறா."

"உனக்கு மட்டும்தான் பண்ணியிருக்கேன் அக்கா. மத்தவங்களுக்கும் மெதுவாப் பண்றேன்."

அவள் பண்ணவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு பச்சைப் புள்ளி யார் கண்ணிலும் படாது. நாற்பத்தோராயிரம் புள்ளிகள் படும். தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவோடு பேசினாள். தினமும் அலுவலகத்தில் சுப்பாத்தாவின் கட்டத்தைத் தாண்டிப் போனாள். உமையாள் இரண்டு முறை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அது தேனம்மைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சித்திரையில் தேர்தல் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அழைப்பு. அரசர் தொடரலாம் என்றால் ஒன்றையும், வேண்டாம் என்றால் இரண்டையும் அழுத்தவேண்டும். இக்கரையில் பாதிப் பேருக்கு இரண்டு அழைப்பு வந்தது. முதல் முறை சரியாகக் கேட்டிருக்காது போலும் என்று நினைத்து அவர்கள் மறுபடியும் பணிவாக ஒன்றை அழுத்தினார்கள். வெள்ளத்தில் இறந்ததாக அரசே அறிவித்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்றை அழுத்தியிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நாடு முழுவதிலும் ஒரே ஒரு இரண்டு விழுந்திருந்தது. அரசர் அன்று சாப்பிடவில்லை.

"அந்த ஒருவர் யார்?" என்பதே மறுநாள் ஆணை.

மூன்றாம் நாள் பச்சை முக்கோணத்தைக் கண்டுபிடித்தார்கள். அமைச்சர் தட்டச்சுக்காரர்கள் முன்னிலையில் ஊரையும் பெயரையும் உரக்கப் படித்தார். தேனம்மை மாடிப்படிக்குக் கீழே ஓடினாள்.

"அக்கா, ஏன் இரண்டை அழுத்தினே?"

"கேட்டாங்க, சொன்னேன். இத்தனை வருஷத்துல அரசாங்கம் என்கிட்ட கேட்ட முதல் கேள்விடி அது."

"உன்னைத் தேடிக்கிட்டு ஆள் வரப்போறாங்க. எங்கயாவது போயிடு."

"இங்க வருவாங்களா? நிச்சயமா?"

"நிச்சயமா வருவாங்க."

"அப்போ வரட்டும்" என்றாள் உமையாள். "வெள்ளம் வந்து ஆறு மாசமாச்சு. ஒரு மூட்டை அரிசியோட ஒருத்தன் வரலை. இதுக்காவது வரட்டுமே. நான் இங்கதான் இருப்பேன்னு சொல்லு."

ஒரு பெண்ணைக் கைதுசெய்யப் படை வண்டிகள் ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது. ஆகவே பாலம் கட்டப்பட்டது. பணமில்லை, கல்லில்லை, ஆளில்லை என்று ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட பாலம் பதினோரு நாளில் எழுந்தது. வண்டிகள் போயின. பன்னிரண்டாம் நாள் உமையாளை அழைத்துக்கொண்டு திரும்பின. அவற்றின் பின்னாலேயே அக்கரைக்காரர்கள் நடந்து வந்தார்கள்.

விசாரணை, தட்டச்சுக்காரர்கள் வேலை பார்த்த எண்மாளிகையின் கூடத்தில் நடந்தது. தேனம்மை தட்டச்சுக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தலை முழுக்க நரைத்து, பாதி உடம்பாகியிருந்தாள்.

"உம் எண்ணைச் சொல்லும்" என்றார் அறம்வளர்த்தார்.

"பூஜ்ஜியம்..." என்று தொடங்கினாள் உமையாள்.

"நிறுத்தும். முன்னால் பூஜ்ஜியம் கொண்ட எண் இந்த நாட்டில் இல்லை. சட்டம் அப்படி."

"அப்படின்னா நானும் இல்லை. எதுக்கு இழுத்துக்கிட்டு வந்தீங்க?"

கூடத்தின் வாசலில் நின்ற அக்கரைக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். சட்ட வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள். இல்லாத எண்ணுக்குத் தண்டனை தர முடியாது. தண்டனை தரவேண்டுமானால் பூஜ்ஜியத்தை ஏற்கவேண்டும். ஒருத்திக்கு ஏற்றால் எல்லோருக்கும் ஏற்கவேண்டும். செய்தி அரசருக்குப் போயிற்று. அவர் கோபம் பெரிதா, பூஜ்ஜியம் பெரிதா என்பதற்கு ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. பூஜ்ஜியம் ஏற்கப்பட்டது. உமையாளுக்கு ஓராண்டுச் சிறை.

"அந்தக் குறியைப் போட்டது யார்?" என்று கேட்டார் அமைச்சர்.

தேனம்மை எழுந்தாள். "நான்தான் ஐயா. இவங்க என் அக்கா. எனக்கும் சேர்த்துத் தண்டனை கொடுங்க."

அமைச்சர் தட்டச்சுக்காரர்களின் வரிசையைப் பார்த்தார். "வேறு யாருக்காவது அதைப் போடத் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை.

"அப்படியானால் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினொன்று பாக்கி இருக்கிறது."

உமையாளை வெளியே கொண்டுபோனார்கள். தங்கையைக் கடக்கும்போது அவள் நின்றாள். "சுப்பாத்தாவை முதல்ல போடு" என்றாள்.

சுப்பாத்தாவை முதலில் போட்டாள். பிறகு வரிசையாக. ஒவ்வொரு எண்ணையும் சரிசெய்தபின் அழைத்துப் பார்த்து, பக்கத்துக் கட்டத்தில் "பதில் உண்டு", "பதில் இல்லை" என்று குறிக்கவேண்டும் என்பது ஆணை. தேனம்மை நாளெல்லாம் அழைத்தாள். "யாரு? அட, போன் அடிக்குது!" என்று சிலர் கத்தினார்கள். சிலர் வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். சில எண்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிலவற்றில் மணியே அடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டு எண்ணை அழைத்து விசாரித்தாள். "அவரா? அவர் இல்லையேம்மா" என்பார்கள். அதற்குமேல் அவளும் கேட்கமாட்டாள்.

நான்கு மாதத்தில் முடித்தாள். கடைசியாகக் கீழே கூட்டி வந்த தொகையை நம்பாமல் மறுபடி எண்ணினாள். பதில் இல்லாதவர்கள் மூவாயிரத்து எண்ணூற்று ஆறு பேர். தாளை எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனாள்.

"ஐயா, அரசாங்கம் முந்நூற்றுப் பன்னிரண்டுன்னுதானே சொல்லுச்சு?"

அறம்வளர்த்தார் தாளை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். ஓரம் நேராக இருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு பேனாவை எடுத்து, தலைப்பில் இருந்த "பதில் இல்லை" என்பதை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் "வெளியூர் போயிருக்கிறார்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

தேனம்மை அதை வாங்கிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். அன்று மற்றவர்கள் வேலை முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவளுக்குப் போக இடமிருந்தும் போகத் தோன்றவில்லை. அந்த மூவாயிரத்து எண்ணூற்று ஆறு பேரில் முதலாமவரின் பெயரையும் ஊரையும் இணைப்பகத்திடம் சொன்னாள். காதில் வைத்துக் கேட்டாள். பிறகு இரண்டாமவரின் பெயரைச் சொன்னாள்.